பிற்பகல் வேளை பிஞ்சுக் கைகளுக்கே!



நம் மழலையர் பள்ளிகளில் காலை வேளை பெரும்பாலும் இனிதே கழிந்துவிடுகிறது. செபம், பாட்டு, கதை, எழுத்து, எண் என்று குழந்தைகள் உற்சாகமாக இருப்பார்கள். மதிய உணவு முடிந்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. பிள்ளைகள் களைத்திருப்பார்கள், ஆசிரியையும் களைத்திருப்பார். அப்போது எளிதாகக் கைக்குக் கிடைப்பது நான்கு கோடு நோட்டு. காலையில் எழுதிய எழுத்தையே இன்னொரு பக்கம் எழுதச் சொல்லிவிட்டால் வகுப்பு அடங்கியிருக்கும். நோட்டும் நிறையும். மாலையில் அதைப் பார்க்கும் பெற்றோரும் மகிழ்வார்கள். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் நான்கு வயதுக் குழந்தை கற்றுக்கொண்டது என்ன? எழுதுவது ஒரு சுமை என்பதைத்தான்.

இந்தப் பிற்பகலை என்ன செய்வது என்ற கேள்விக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே விடை சொன்னவர் மரியா மாண்டிசோரி அம்மையார். அந்த விடை மிக எளியது: பிற்பகலைக் குழந்தையின் கைகளுக்குக் கொடுங்கள்.

நம் மண்ணில் வாழ்ந்த ஆசிரியர்

மாண்டிசோரி 1870-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31-ஆம் நாள் இத்தாலி நாட்டின் கியாரவல்லே என்னும் ஊரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் படிப்பது அரிதாக இருந்த காலத்தில், 1896-இல் உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், திருக்காட்சிப் பெருவிழா அன்று, உரோமை நகரில் ஏழைகள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் 'குழந்தைகள் இல்லம்' என்ற தமது முதல் பள்ளியைத் தொடங்கினார். பெற்றோர் கூலி வேலைக்குச் சென்றுவிட, கவனிப்பாரின்றிச் சுற்றித் திரிந்த சிறு பிள்ளைகளே அங்கு முதல் மாணவர்கள்.

அவருக்கும் தமிழ்நாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல், அவர் மனைவி ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பை ஏற்று 1939-இல் சென்னை வந்தார். அடையாற்றில் அவர் நடத்திய முதல் பயிற்சி வகுப்பில் சுமார் 300 பேர் பயின்றனர். சில மாதங்களே தங்க எண்ணி வந்தவரை இரண்டாம் உலகப் போர் இங்கேயே நிறுத்திவிட்டது. 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் குழந்தைகளோடு பணியாற்றினார். 1946-இல் ஐரோப்பா திரும்பியவர் 1947-இல் மீண்டும் வந்து 1949 வரை இங்கே பணி தொடர்ந்தார்.

மாண்டிசோரியின் பிற்பகல்

குழந்தைகள் இல்லத்துக்கு அவர் வகுத்த குளிர்காலக் கால அட்டவணை அவருடைய நூலில் இருக்கிறது. பள்ளி காலை 9 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணிக்கு முடியும். அறிவுப் பயிற்சிக்கு உரிய நேரம் காலை 10 முதல் 11 வரை. பகல் உணவுக்குப் பிறகு 12 முதல் 1 வரை குழந்தைகள் விருப்பம்போல் விளையாடலாம். 1 முதல் 2 வரை ஆசிரியை நடத்தும் விளையாட்டு. அந்த நேரத்தில் மூத்த பிள்ளைகள் முறை வைத்து அறையைத் துடைத்து, பொருள்களை ஒழுங்குபடுத்துவார்கள். 2 முதல் 3 வரை களிமண் வேலை, வரைதல் போன்ற கைவேலைகள். 3 முதல் 4 வரை உடற்பயிற்சியும் பாட்டும். அதோடு செடிகளையும் வளர்ப்பு உயிர்களையும் பார்வையிட்டுப் பராமரித்தல்.

பிற்பகலில் எழுத்துப் பாடம் எதையும் அவர் வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இது பொழுதைப் போக்கும் ஏற்பாடும் அல்ல. துடைப்பதும், பிசைவதும், நீர் ஊற்றுவதும் அவருக்குப் பாடமாகவே இருந்தன.

கை ஏன் முதலில்?

பெரியவர்களின் மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் உள்ளன. குழந்தை பிறக்கும்போது அவை பெரும்பாலும் குருத்தெலும்பாகவே இருக்கும். ஒவ்வொன்றாக எலும்பாக மாறி முடிய ஏறத்தாழ பத்து, பன்னிரண்டு வயது ஆகிவிடும். விரல்களை ஆட்டுவிக்கும் சிறு தசைகளும் மெல்லத்தான் வலுப்பெறுகின்றன. நான்கு வயதுப் பிள்ளை பென்சிலை இறுக்கிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுவது சோம்பலால் அல்ல. அந்தக் கை இன்னும் ஆயத்தமாகவில்லை.

மாண்டிசோரி எழுத்தைத் தள்ளி வைக்கவில்லை. எழுதும் கையை முதலில் ஆயத்தம் செய்தார். குமிழ் வைத்த மர உருளைகளைக் குழந்தை மூன்று விரல்களால் பிடித்துத் தூக்கி, அளவுக்கேற்ற குழியில் பொருத்தும். அதே மூன்று விரல்கள்தான் பின்னர் பென்சிலைப் பிடிக்கும். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளைக் குழந்தை விரலால் தடவிப் பார்க்கும். எழுத்தின் வடிவம் கண்ணுக்கும் கைக்கும் ஒருசேரப் பழகிவிடும்.

மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி அந்த உருளைகளை எடுத்துப் பொருத்துவதை நாற்பது முறைக்கும் மேல் திரும்பத் திரும்பச் செய்ததை மாண்டிசோரி எண்ணிப் பார்த்தார். அவள் அமர்ந்திருந்த நாற்காலியையே தூக்கி நகர்த்தியும், பிற பிள்ளைகளைப் பாடச் சொல்லியும், அவள் கவனம் சிதறவில்லை. முடித்தபோது அவளிடம் களைப்பு இல்லை; ஓய்வெடுத்து எழுந்தவள்போல் மலர்ந்திருந்தாள். விரும்பிச் செய்யும் கைவேலை குழந்தைக்கு இளைப்பாறுதலைத் தருகிறது. களைத்துப்போகும் பிற்பகலுக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து வேறு என்ன?

வளவனூரில் இதைச் செய்ய முடியுமா?

மாண்டிசோரி என்றாலே பெரிய நகரம், அதிகக் கட்டணம், விலை உயர்ந்த மரப்பொருள்கள் என்ற எண்ணம் பலருக்கும் உண்டு. விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே உள்ள வளவனூர் போன்ற ஊரில், நெல்லும் கரும்பும் மல்லாட்டையும் விளையும் இந்தச் சீமையில், பிற்பகல் வகுப்புக்குத் தேவையான பொருள்கள் நம் வீட்டிலும் வயலிலும் இருக்கின்றன.

1. ஊற்றுதல், அள்ளுதல்: இரண்டு சிறிய சொம்புகளைத் தட்டில் வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு முதலில் அரிசியையும், பழகிய பின் தண்ணீரையும் ஊற்றச் செய்யலாம். சிந்தினால் துடைக்க ஒரு சிறு துணி பக்கத்திலேயே இருக்க வேண்டும். சிந்தியதைத் துடைப்பதும் பாடத்தின் பகுதியே.

2. பிரித்தல்: மொச்சை, காராமணி, கொண்டைக்கடலை ஆகியவற்றைக் கலந்து கொடுத்தால், குழந்தை நிறமும் வடிவும் பார்த்துப் பிரிக்கும். பழகிய பிள்ளைகள் கண்ணை மூடி, தொட்டே பிரிப்பார்கள். புளியங்கொட்டையை வைத்துப் பல்லாங்குழி ஆடினால் எண்ணிக்கையும் வந்துவிடும்.

3. மல்லாட்டை உரித்தல்: தோலை உடைக்க விரல் நுனிக்கு வலு வேண்டும். உரித்த பருப்பை ஒரு கிண்ணத்திலும் தோலை மற்றொன்றிலும் போடச் சொல்லலாம்.

4. களிமண்: உரோமையில் ரண்டோனே என்ற கலைஞர் நடத்திய பள்ளியைப் பார்த்து, மண்கலம் செய்வதையும், சிறு செங்கற்கள் செய்து சுவர் கட்டுவதையும் தம் பிள்ளைகளுக்கு மாண்டிசோரி கொண்டுவந்தார். வளவனூரிலிருந்து புதுச்சேரி செல்லும் அதே இரயில் பாதையில் உள்ள வில்லியனூர், புவிசார் குறியீடு பெற்ற சுடுமண் கலைக்குப் பெயர் பெற்றது. இத்தனை அருகில் அந்தக் கலை இருக்கும்போது, நம் குழந்தைகள் மண்ணைத் தொடாமல் வளரலாமா? அகல், உருண்டை, சிறு செங்கல் என்று தொடங்கலாம்.

5. வீட்டு வேலைகள்: கைக்குட்டை துவைத்துக் காயவைத்தல், குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குதல், பழைய சட்டையில் பொத்தான் போட்டுக் கழற்றுதல், வாழைப்பழத்தை மழுங்கிய கத்தியால் நறுக்கிப் பகிர்தல். தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் பெருமிதம் இங்கே பிறக்கிறது.

6. விதைப்பு: மல்லாட்டைப் பருப்பை ஒரு தொட்டியில் ஊன்றினால் ஏறத்தாழ ஒரு வாரத்தில் முளைக்கும். மஞ்சள் பூ மண்ணுக்கு மேலே பூக்கும். பூ வாடியபின் அதன் அடியிலிருந்து ஒரு காம்பு நீண்டு மண்ணுக்குள் இறங்கும். காய் மண்ணுக்குள் பிடிக்கும். விவசாயி வீட்டுப் பிள்ளைக்கும் இது வியப்பான பாடம். நாள்தோறும் நீர் ஊற்றிக் காத்திருப்பதில் பொறுமையும் பொறுப்பும் வளரும்.

எச்சரிக்கை ஒன்று உண்டு. பருப்பு, கொட்டை, மணி போன்றவற்றைச் சிறு பிள்ளைகள் வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்வார்கள். மூச்சுக்குழாயில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. எனவே இந்த வேலைகள் ஆசிரியையின் கண்முன்னேதான் நடக்க வேண்டும். முழு மல்லாட்டைப் பருப்பை ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தின்னக் கொடுக்கக் கூடாது.

மேலும், மூன்று வயதுப் பிள்ளைக்குத் தூக்கம் வந்தால் தூங்க விடுங்கள். மூன்று, நான்கு வயதினருக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேர உறக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வழிகாட்டியது. சிறியவர்கள் உறங்கும்போது, உறக்கம் தேவைப்படாத ஐந்து வயதினர் பக்கத்து அறையில் அமைதியாகக் கைவேலை செய்யலாம்.

ஆசிரியை செய்ய வேண்டியவை

ஒரு வேலைக்கு ஒரு தட்டு, ஒரு குழந்தைக்கு ஒரு சிறு பாய். அந்தப் பாய்தான் அதன் வேலை இடம். மற்றவர் அதை மிதிக்கவோ கலைக்கவோ கூடாது. முதலில் ஆசிரியை தாமே அந்த வேலையை மெதுவாக, அதிகம் பேசாமல் செய்து காட்ட வேண்டும். பேச்சு அதிகமானால் குழந்தையின் கண் கையை விட்டு வாய்க்குப் போய்விடும். பிறகு ஒதுங்கி நின்று கவனிக்க வேண்டும். தவறினால் உடனே பிடுங்கித் திருத்தக் கூடாது. நீர் சிந்தினாலும், பொத்தான் ஒன்று மிஞ்சினாலும், தவறு எங்கே என்பதை அந்தப் பொருளே குழந்தைக்குச் சொல்லிவிடும். வேலை முடிந்ததும் தட்டை எடுத்த இடத்திலேயே வைக்கப் பழக்க வேண்டும். பரிசும் வேண்டாம், அடியும் வேண்டாம்.

நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு இது நடக்குமா என்று ஆசிரியை கேட்பது நியாயமே. எல்லாரும் ஒரே வேலையைச் செய்ய வேண்டியதில்லை. ஐந்தாறு வகை வேலைகளை அலமாரியில் வைத்து, பிள்ளைகளையே தேர்ந்துகொள்ள விடலாம். புதிய வேலையை நாளுக்கு ஒரு சிறு குழுவுக்கு மட்டும் காட்டினால் போதும். மூத்த பிள்ளைகளைப் பார்த்தே சிறியவர்கள் கற்றுக்கொள்வார்கள்.

மறைக்கல்வியிலும் கைகளுக்கு இடம்

மாண்டிசோரி தமது முறையைத் திருவழிபாட்டுக்கும் கொண்டுசென்றார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. ஸ்பெயின் நாட்டின் பார்சலோனாவில் அவருடைய வழிகாட்டுதலில் நடந்த பள்ளியில், குழந்தைகள் கோதுமையை விதைத்து, திராட்சைக் கொடிகளை வளர்த்தார்கள். அந்த விளைச்சலே நற்கருணைக்குரிய அப்பமும் இரசமும் ஆகும் என்று கற்றார்கள். 1954-இல் உரோமையில் சோபியா கவல்லெத்தி, மாண்டிசோரி ஆசிரியை ஜான்னா கோப்பி இருவரும் தொடங்கிய 'நல்லாயன் மறைக்கல்வி'யில், பிள்ளைகள் மரத்தாலான ஆடுகளையும் ஆயனையும் கையால் நகர்த்தி உவமையைத் தியானிக்கிறார்கள். நம் ஞாயிறு மறைக்கல்வி வகுப்புகளிலும் இதைச் செய்ய ஒரு பெட்டிக் களிமண் போதும்.

பெற்றோரின் பங்கு

பங்குப் பள்ளிகள் பலவற்றிலும் ஆசிரியைகளுக்கு மனம் இருந்தும் தயக்கம் இருக்கிறது. "பக்கத்துப் பள்ளியில் இத்தனை பக்கம் எழுதுகிறார்கள், இங்கே மண்ணில் விளையாட விடுகிறீர்களே" என்று பெற்றோர் கேட்டுவிட்டால், அடுத்த ஆண்டுச் சேர்க்கை குறைந்துவிடுமே என்ற அச்சம் அது. ஆகவே மாற்றம் பெற்றோரிடமிருந்தும் வர வேண்டும். மாலையில் பிள்ளை வீடு வந்ததும் "எத்தனை பக்கம் எழுதினாய்?" என்று கேட்பதை விட்டு, "இன்று உன் கையால் என்ன செய்தாய்?" என்று கேளுங்கள். அம்மா கீரை ஆயும்போது ஒரு கைப்பிடியை அதனிடம் கொடுங்கள். அப்பா சைக்கிள் துடைக்கும்போது ஒரு துணியைக் கொடுங்கள். வேலை தாமதமாகும், கொஞ்சம் அழுக்காகும். பரவாயில்லை.

நாசரேத்தூர் தச்சரின் பட்டறையில் மரத்தைத் தொட்டு வளர்ந்த கைகள்தான் பின்னர் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தன. நோயாளிகளைத் தொட்டுக் குணமாக்கின. நம் பிள்ளைகளின் கைகளுக்கும் அவற்றுக்குரிய காலத்தையும் வேலையையும் கொடுப்போம். நாளைக்கே ஒரு பிற்பகல் நோட்டை மூடி வைத்துத் தொடங்குவோமா?