சுவருக்கு வந்த கப்பல்

பிரெஞ்சு ஓவியர் கசாந்தர் 1935-ல் வரைந்த ‘நார்மண்டி’ போஸ்டரில் கப்பலின் கரிய முகப்பு மதில்போல் நேர் எதிரே எழுந்து நிற்கிறது. அதன் அடியில், தண்ணீரை ஒட்டி வெள்ளைப் பொட்டுகளாகச் சில கடற்பறவைகள். அவற்றை விரலால் மறைத்துப் பார்த்தால் கப்பலின் பிரமாண்டம் பாதி குறைந்துவிடும். 313 மீட்டர் நீளக் கப்பலை அதன் நீளத்தையே காட்டாமல் பெரிதாக்கிய மேதைமை அது. 1931-ல் ‘லாத்லாந்தீக்’ கப்பலுக்கும் அவர் இதையே வேறு விதமாகச் செய்தார்: ஒரு மாபெரும் செவ்வகம், பக்கத்தில் துக்கடாவாக ஓர் இழுவைப் படகு.

இந்த அழகுக்குப் பின்னால் வியாபார நெருக்கடி இருந்தது. 1924-ல் அமெரிக்கா குடியேற்றத்துக்குக் கடும் வரம்பு விதித்ததும், கீழ்த்தளத்தில் நெருக்கியடித்துப் போன ஏழைக் குடியேறிகள் வெகுவாகக் குறைந்தார்கள். அந்த இடங்களை நிரப்பச் சுற்றுலாப் பயணிகள் தேவைப்பட்டார்கள். போஸ்டர்கள் டிக்கெட்டோடு கனவையும் விற்க வேண்டியிருந்தது.

நார்மண்டியின் ஆயுள் குறைவு. 1942 பிப்ரவரி 9 அன்று, படைவீரர்களை ஏற்றிச்செல்லும் கப்பலாக மாற்றும் வேலை நடந்தபோது நியூயார்க் துறைமுகத்தில் தீப்பிடித்தது. அணைக்கப் பாய்ச்சிய தண்ணீரின் பாரத்தில் மறுநாள் பக்கவாட்டில் சாய்ந்தது. லாத்லாந்தீக் அதற்கு முன்பே, 1933-ல் எரிந்துபோயிருந்தது.

இன்று இந்தப் போஸ்டர்கள் வரவேற்பறைகளில் தொங்குகின்றன. மூலப்பிரதிகள் ஏலத்தில் பெரும் விலை போகின்றன. நல்ல மறுபதிப்பு வாங்குவதில் குறையொன்றும் இல்லை. ஆனால் அளவில் கஞ்சத்தனம் கூடாது. நார்மண்டியின் மூலப்பிரதி ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். நடந்துபோகிறவரைத் தூரத்திலிருந்தே நிறுத்துவதற்காக வரைந்ததைப் புத்தக அளவுக்குச் சுருக்கிப் பத்துப் படங்களுக்கு நடுவே மாட்டினால், அந்தப் பறவைகள்கூடக் கண்ணில் படாது. வெறும் சுவர், ஒரே போஸ்டர், எதிரே சில அடி இடைவெளி: இதுவே அதற்குத் தகுந்த மரியாதை.

மூலப்பிரதி என்று சொல்லி விற்றால் பூதக்கண்ணாடி அவசியம். வரிசை பிசகாத நுண்புள்ளிகள் தெரிந்தால், பெரும்பாலும் அது புகைப்படம் எடுத்து அச்சிட்ட பிற்காலப் பிரதி. அக்கால லித்தோ அச்சில் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, சீரற்ற மணல் தூவல்போல் தெரியும். பின்புறம் துணி ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். பழைய காகிதம் கிழியாதிருக்கச் செய்யும் வழக்கமான பாதுகாப்புதான் அது. வெயில் விழும் சுவரையும் ஈரச் சுவரையும் தவிர்த்து, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் அமிலமற்ற அட்டையும் வைத்துச் சட்டமிடுவது நல்லது.