மலை வண்டிக்கு கிலோமீட்டர் கணக்கு உதவாது

மலைப்பாதையில் இருசக்கரம் – 11

டைமிங் செயின் தேய்ந்தால் எஞ்சின் தலையின் இடப்பக்கத்திலிருந்து எழும் கரகரப்போடு சென்ற வாரம் நிறுத்தினோம். செயினை இறுக்கிவைக்கும் டென்ஷனரைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாக வாக்கு. அதற்கு முன்னால் ஒரு கேள்வியைத் தீர்த்தாக வேண்டும். சமவெளியில், கொழிஞ்சாம்பாறையில் ஓடும் ஸ்பிளெண்டரும் மலையில், தேவிகுளத்தில் ஓடும் ஸ்பிளெண்டரும் ஒரே எண்ணிக்கை கிலோமீட்டர் ஓடியிருந்தால், இரண்டின் டைமிங் செயினுக்கும் ஒரே வயதுதானா? இல்லை என்பதே என் வாதம். மலையில் ஓடும் வண்டியின் செயின் இரட்டிப்பு வேகத்தில் மூப்படைகிறது. மீட்டரில் உள்ள எண் அதைக் காட்டுவதே இல்லை.

'செயின் இழுத்துக்கொண்டது' என்று வர்க்‌ஷாப்புகளில் சொல்வார்கள். உண்மையில் இரும்புத் தகடு ரப்பர் போல நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின் உண்டு, அதைச் சுற்றி ஒரு சிறு குழாய் போன்ற புஷ் உண்டு. இவை இரண்டும் உரசிக்கொள்ளும் இடம்தான் தேய்கிறது. ஒரு கண்ணியில் 0.05 மில்லிமீட்டர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு தலைமுடியின் கனம்கூட வராது. ஆனால் 80 கண்ணிகள் சேர்ந்தால் செயின் 4 மில்லிமீட்டர் நீண்டுவிடும். பழைய செயினையும் புதியதையும் ஒரே ஆணியில் மாட்டித் தொங்கவிட்டால் வளையம் என்பதால் இந்த வித்தியாசத்தில் பாதி கீழ்முனையில் தெரியும். செயின் நீள நீள, வால்வு திறக்கும் நேரம் பிந்துகிறது, இழுவை குறைகிறது.

அந்தப் புஷ்ஷின் கதையைச் சொல்லாமல் இந்த வாரம் மேலே போக மனமில்லை. 1864-இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்லேட்டர் என்பவர் செயின் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதில் பாரம் முழுவதும் மெல்லிய தகட்டின் துளை ஓரத்தில் விழுந்தது. பின் சீக்கிரமே அறுபட்டது. ஸ்விட்சர்லாந்திலிருந்து மான்செஸ்டருக்கு வந்து குடியேறிய ஹான்ஸ் ரெனால்ட், 1879-இல் ஸ்லேட்டரின் தொழிலை விலைக்கு வாங்கி, அடுத்த ஆண்டே தகடுகளுக்கு நடுவில் புஷ்ஷை நுழைத்தார். பாரம் பின்னின் முழு அகலத்திலும் பரவியது, தேய்மானம் பல மடங்கு குறைந்தது. பஞ்சாலை இயந்திரங்களுக்காகப் பிறந்த இந்த யோசனைதான் இன்று நம் வண்டியின் வயிற்றுக்குள் சுற்றுகிறது. தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பெயரெடுத்த கோயம்புத்தூரில், 1937-இல் போக்குவரத்து நிறுவனமாகத் தொடங்கிய எல்.ஜி. பாலகிருஷ்ணன் அண்ட் பிரதர்ஸ் இன்று 'ரோலான்' என்ற பெயரில் செயின் செய்கிறது. பஞ்சாலை ஊரில் பிறந்த பொருள் இன்னொரு பஞ்சாலை ஊரில் வேர்பிடித்ததை இந்த வாரம் முழுக்க நினைத்து மகிழ்ந்துகொண்டிருக்கிறேன்.

இனி வாதத்துக்கு வருவோம். செயினுக்கு கிலோமீட்டர் தெரியாது, எஞ்சின் எத்தனை சுற்று சுற்றியது என்பது மட்டுமே தெரியும். கொழிஞ்சாம்பாறை இருக்கும் பாலக்காட்டுக் கணவாய் முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலமான சமதளம். அங்கே வண்டி பெரும்பாலும் டாப் கியரில் ஓடும். மலைப் பக்கம், போடியிலிருந்து போடிமெட்டு ஏறினால் 17 கொண்டை ஊசி வளைவுகள். முதல் கியரும் இரண்டாவதும்தான் துணை. நான்கு கியர் 100 சிசி வண்டியில், அதே ஒரு கிலோமீட்டரைக் கடக்க இரண்டாவது கியரில் எஞ்சின் ஏறக்குறைய இரு மடங்கு சுற்றுகிறது, முதல் கியரில் மூன்று மடங்குக்கும் மேல். ஆக, தேவிகுளத்து வண்டி மீட்டரில் 20,000 காட்டும்போது செயின் 40,000 கிலோமீட்டருக்கான உழைப்பை முடித்திருக்கக் கூடும்.

ஏற்றத்தில் பாரம் கூடுவதால்தான் தேய்கிறது, சுற்றுகளால் அல்ல என்று ஒரு மறுப்பு வரலாம். பின்சக்கரத்துச் செயினுக்கு அது சரி. டைமிங் செயின் வண்டியை இழுப்பதில்லை. அது எதிர்த்து நிற்பது வால்வு ஸ்பிரிங்குகளை. இருவர் ஏறினாலும் தேயிலை மூட்டை ஏறினாலும் அந்த ஸ்பிரிங் மாறாது. ஆகவே சுற்றுகளே முக்கியம். பாதி வழி இறக்கம்தானே என்று கேட்பவர்களும் உண்டு. இறக்கத்தில் கியரில் இறங்கினால் சக்கரமே எஞ்சினைச் சுற்றவைக்கிறது, செயினுக்கு ஓய்வில்லை. செயினைக் காப்பாற்ற நியூட்ரலில் இறங்கலாம் என்று தயவுசெய்து யாரும் நினைக்க வேண்டாம்: பிரேக் சூடேறிப் பிடிப்பு போனால் அடுத்த வளைவில் நிற்க வழியில்லை. நல்ல ஆயில் ஊற்றினால் போதாதா என்பது மூன்றாவது மறுப்பு. மூன்றிலும் வலுவானது இதுதான். பாதிதான் உண்மை. கிளட்ச்சும் அதே ஆயிலில்தான் குளிக்கிறது. வளைவுக்கு வளைவு அரைக் கிளட்ச் பிடித்தால் அதன் துகள் ஆயிலில் கலந்து, பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே மணல்தாள் போல வேலை செய்கிறது. எவ்வளவு நல்ல ஆயிலும் மலையில் சீக்கிரம் அழுக்காகும்.

தேய்ந்த டைமிங் செயினை வீட்டில் மாற்ற முடியுமா? ஸ்பிளெண்டர் வகை எஞ்சினில் முடியும். தலையைக் கழற்ற வேண்டியதில்லை. இடப்பக்க மூடி, மேக்னட், தலையின் வட்ட மூடி, மேல் ஸ்பிராக்கெட், கைடு ரோலர் கழன்றால் போதும். மேக்னட்டைச் சுத்தியலால் தட்டிக் கழற்றக் கூடாது, அதற்கென்று புல்லர் வேண்டும். மேக்னட்டின் 'T' குறி எஞ்சின் உடலின் வெட்டோடு நேராகவும், மேல் ஸ்பிராக்கெட்டின் 'O' குறி தலையில் உள்ள வெட்டோடு நேராகவும் நிற்க வேண்டும். ஒரு பல் தவறினாலும் வண்டி கிளம்பாது, அல்லது கிளம்பி இழுக்காது. மூடுவதற்கு முன் ஸ்பேனரால் எஞ்சினை அது சுழலும் திசையிலேயே இரண்டு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றி, குறிகள் மறுபடி ஒன்றுசேர்கின்றனவா என்று பாருங்கள். எங்காவது இடித்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

டென்ஷனரைப் பற்றி எழுத இந்த வாரமும் இடம் போதவில்லை. அடுத்த வாரம் அது மட்டும்தான். அதுவரை ஒன்று செய்யுங்கள்: மலையில் ஓடும் வண்டியானால், கையேடு சொல்லும் கிலோமீட்டரில் பாதி ஆனதுமே ஆயிலை மாற்றிவிடுங்கள்.