வளைவில் முரண்டு பிடிக்கும் கார்

என் மாமாவின் காரில் நான்கு சக்கரங்களுக்கும் இயந்திரத்தின் விசை போகும். சில மாதங்களுக்கு முன் அதற்கு ஒரு விசித்திர நோய் வந்தது. காலையில் கிளம்பும்போது ஒன்றும் இல்லை. ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓடியபின், கார் நிறுத்துமிடத்தில் ஸ்டீரிங்கை முழுதாகத் திருப்பினால் போதும். யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் தயங்கும், குதிக்கும். பட்டறையில் "கியர்பாக்ஸ் போய்விட்டது, நாலாயிரம் ரிங்கிட் ஆகும்" என்றார்கள். பணத்தைக் கட்டுமுன் நாமே பார்ப்போமே என்று நானும் மாமாவும் இறங்கினோம். நீங்களும் வாருங்கள், மாணவர்களே. தேவைப்படுவது கொஞ்சம் கணிதமும் ஒரு தையல் அளவு நாடாவும்தான்.

முதலில் ஒரு கணக்கு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.5 மீட்டர் உள்ள கார் ஒன்று மெதுவாக முழு வட்டம் அடிக்கிறது. வெளிப்புற முன் சக்கரம் 5.3 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் போகிறது. பின் சக்கரம் அதே தடத்தில் வராது. உள்பக்கமாக ஒதுங்கி வரும். பைதாகரஸ் தேற்றத்தைப் போட்டுப் பாருங்கள்: அதன் ஆரம் ஏறத்தாழ 4.67 மீட்டர். முன் சக்கரம் 33.3 மீட்டர் ஓடினால் பின் சக்கரம் ஓடுவது 29.3 மீட்டர்தான். ஒரே வட்டத்தில் 4 மீட்டர் வித்தியாசம்! இரண்டு அச்சுகளையும் ஒரே தண்டால் இறுக்கிப் பிணைத்துவிட்டால், ஏதாவது ஒரு டயர் வழுக்கித்தான் ஆகவேண்டும். காய்ந்த தார்ச்சாலை அவ்வளவு எளிதில் வழுக்கவிடாது. அதுதான் அந்தக் குதிப்பு.

ஆகவே நடுவில் விட்டுக்கொடுக்கும் பாகம் ஒன்று வேண்டும். 1998இல் நம் நாட்டில் வெளிவந்த பெரோடுவா கெம்பாராவில் அது மைய டிஃபரன்ஷியல். மாமாவின் காரில் இருப்பது வேறு வகை: ஒரு மூடிய உருளை, உள்ளே மெல்லிய உலோகத் தட்டுகள், ஒன்றுவிட்டு ஒன்று முன் தண்டோடும் பின் தண்டோடும் பிணைந்தவை, இடையில் தேன்போல் கெட்டியான சிலிக்கோன் எண்ணெய். வேக வித்தியாசம் சிறிது நேரமே இருந்தால் எண்ணெய் விட்டுக்கொடுக்கும். நீடித்தால் சூடாகி விரியும், அழுத்தம் ஏறும், கடைசியில் தட்டுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். சேற்றில் சிக்கிய காருக்கு இது வரம்.

காலையில் நலம், ஓடியபின் நோய் என்பதால் இந்த உருளை சூடாகிறது என்று ஊகித்தோம். (திருப்பும்போது 'டக் டக்' என்று சத்தம் மட்டும் கேட்டால் அது பெரும்பாலும் சக்கரத்தருகே உள்ள மூட்டின் தேய்மானம், வேறு கதை.) ஆனால் நேர்ச்சாலையில் வேக வித்தியாசம் எங்கிருந்து வரும்?

நான்கு டயர்களையும் சுற்றி நாடாவால் அளந்தோம். மூன்று 201 செ.மீ. பின்பக்கம் ஒன்று மட்டும் 204! ஆணி குத்தியதால் மாமா அந்த ஒன்றை மட்டும் புதிதாக மாற்றியிருந்தார். புது டயரின் பள்ளம் 8 மி.மீ., பழையவற்றில் 3 மி.மீ. ஆரத்தில் 5 மி.மீ. வித்தியாசம் சுற்றளவில் 2π மடங்காகி 31 மி.மீ. ஆகிவிடுகிறது. ஒரு கிலோமீட்டருக்குப் பழைய டயர் 497 முறை சுழன்றால் புதியது 490 முறைதான். அச்சின் இரு சக்கரங்களின் சராசரியே நடுத்தண்டுக்குப் போவதால் அதில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியும் 100 கிலோமீட்டரில் 350 சுற்று. பாவம், அந்த எண்ணெய் ஓய்வே இல்லாமல் கடைபட்டது.

ஓர் எச்சரிக்கை. இத்தகைய காரில் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கி, இயந்திரத்தை ஓட்டி கியர் போட்டுச் சோதிக்கவே கூடாது. தரையில் உள்ள மற்ற சக்கரங்கள் காரை ஜாக்கியிலிருந்து தள்ளிவிடும். நீங்கள் அளக்கும்போது இயந்திரம் அணைந்திருக்கட்டும், கைப்பிரேக் இழுத்திருக்கட்டும், பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும்.

மாமா மற்ற மூன்று டயர்களையும் மாற்றினார். மறுவாரம் அதே நெடுஞ்சாலை, அதே நிறுத்துமிடம். குதிப்பு இல்லை; ஆனால் லேசான தயக்கம் மிச்சம் இருந்தது. மூன்று மாதம் சூட்டில் வெந்த எண்ணெய் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பவில்லை. அந்த உருளையை என்றாவது மாற்றித்தான் ஆகவேண்டும். இப்போதைக்கு மாமா மாதம் ஒருமுறை நாடாவோடு காரைச் சுற்றி வருகிறார்.