இளையராஜாவின் ‘திருவாசகம்’ இசைக்கோவை: பதிகத் தேர்வும் குரல் அமைப்பும்

முன்னுரை

திரைப்படத்தின் தேவைக்கு உட்படாமல் தனித்து இயற்றப்பெற்ற இளையராஜாவின் படைப்புகளுள், தமிழ் இலக்கியப் பனுவல் ஒன்றை அடிப்படையாகக் கொண்டமையால் தமிழாய்வுக்கு மிகவும் நெருக்கமானது 2005ஆம் ஆண்டு வெளிவந்த ‘திருவாசகம்’ இசைக்கோவை. ‘சிம்பொனியில் திருவாசகம்’ என்னும் பெயரே பரவலாக வழங்கியமையால், அது சிம்பொனிதானா என்னும் வினாவே பெரிதும் எழுப்பப்பட்டது. திருவாசகத்தை அப்படைப்பு எவ்வாறு வாசிக்கிறது என்பதே இலக்கிய ஆய்வுக்குரிய வினா. இசைக்கோவையில் இடம்பெறும் ஆறு பகுதிகளின் தேர்வையும் வரிசையையும் கொண்டு இக்கட்டுரை அதனை ஆராய்கிறது.

படைப்பாளரும் தனிப்படைப்புகளும்

திண்டுக்கல் சமவெளியின் சேவுகம்பட்டி, வத்தலக்குண்டு முதலிய ஊர்களுக்குத் தென்மேற்கே, கம்பம் பள்ளத்தாக்கில் அமைந்தது பண்ணைப்புரம். அன்றைய மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூரில் 1943ஆம் ஆண்டு பிறந்தவர் இளையராஜா, இளமைப் பெயர் இராசய்யா. தமையனார் பாவலர் வரதராஜனின் குழுவில் பொதுவுடைமை இயக்க மேடைகளில் இசைத்தது அவரது தொடக்கப் பயிற்சி. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலையிசையையும் அதன் குறியீட்டு முறையையும் கற்றார். 1976இல் ‘அன்னக்கிளி’ வழியாகத் திரையிசைக்கு அறிமுகமானார். 1986இல் வெளிவந்த ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பைத் தியாகராசருக்கும் பாஹுக்கும் காணிக்கையாக்கினார். 1988இல் ‘நத்திங் பட் விண்ட்’ வெளிவந்தது. இவ்விரண்டும் கருவியிசைத் தொகுப்புகள். ‘திருவாசக’த்தில் மொழி மையமிடம் பெறுகிறது. புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு இதனை இசைத்தது.

வடிவம்

சிம்பொனி பெரும்பாலும் சொல்லின்றிக் கருவிகளால் மட்டும் இயல்வது. இளையராஜா 2025 மார்ச் 8 அன்று இலண்டனில் அரங்கேற்றிய ‘வேலியண்ட்’ அவ்வகையைச் சார்ந்தது. ‘திருவாசகம்’ ஒரட்டோரியோ என்னும் வடிவத்தோடு ஒத்தது. சமயப் பனுவலைத் தனிக்குரல், குழுக்குரல், இசைக்குழு ஆகிய மூன்றும் நடிப்பின்றி நிகழ்த்துவது அவ்வடிவத்தின் இயல்பு. ஹேண்டலின் ‘மெசையா’ இதற்குத் தக்க சான்று. அதன் பாடற்பகுதியைச் சார்லஸ் ஜென்னன்ஸ் விவிலியத்தின் பல இடங்களிலிருந்து தொகுத்தார். அங்குத் தொகுப்பே ஒரு விளக்கவுரையாக அமைகிறது. ‘திருவாசக’த்தையும் இவ்வாறு அணுகலாம்.

பதிகத் தேர்வும் வரிசையும்

எட்டாம் திருமுறையின் ஒரு பகுதியாகிய திருவாசகம் 51 பகுதிகளை உடையது. தேவாரப் பதிகங்களுக்குப் பண் வகுக்கப்பட்டதுபோல் இதற்கு வகுக்கப்படவில்லை. ஓதுவார் மரபில் மோகன இராகத்தில் பாடுவதே பெருவழக்கு. அம்முறையில் இசை சொல்லுக்கு ஊர்தியாகிறது. பகுதிகளுக்கிடையேயான வேறுபாடு பொருளால் மட்டுமே புலப்படுகிறது.

இசைக்கோவை கொண்டுள்ள பகுதிகளும் நூலில் அவற்றின் வரிசையெண்களும் முறையே யாத்திரைப் பத்து (45), சிவபுராணம் (1), திருக்கோத்தும்பி (10), பிடித்த பத்து (37), திருப்பொற்சுண்ணம் (9), அச்சப் பத்து (35) என்பன. நூல்வரிசை இங்குப் பின்பற்றப்படவில்லை. இறுதிக்கு அண்மையிலுள்ள யாத்திரைப் பத்து முதலிடம் பெறுகிறது. அடியாரை ஒருங்கே புறப்பட அழைக்கும் அப்பதிகம் நுழைவாயிலாகிறது.

அடுத்து வரும் சிவபுராணம் 95 அடிகளாலான கலிவெண்பா. ஓதும் மரபு அதன் வாழ்த்திலிருந்து தொடங்கும். இசைக்கோவையோ தன் இழிவை உரைக்கும் 25ஆம் அடியில் தொடங்குகிறது. இறைவனின் புகழுக்கு முன்பாக மனிதனின் இயலாமை கேட்கப்படுகிறது. அதன்பின் பிறவிகளின் தொடர் விரிகிறது. சுமார் இருபது நிமிடம் நீளும் இப்பகுதிக்கு ஸ்டீபன் சுவார்ட்ஸ் ஆங்கில வரிகளையும் எழுதினார்.

குரல் அமைப்பு

ஆறு பகுதிகளையும் பேசும் குரலின் அடிப்படையில் நோக்கின் ஓர் ஒழுங்கு புலனாகிறது. யாத்திரைப் பத்து பலரை விளித்து உடனழைப்பது. சிவபுராணம் தன்னிலை உரைப்பது. திருக்கோத்தும்பி அரச வண்டை விளித்து இறைவனிடம் சென்று ஊதப் பணிப்பது. பிடித்த பத்து இறைவனை விடாது பற்றிய ஒருவரின் உறுதிமொழி. திருப்பொற்சுண்ணம் மகளிர் கூடி நறுமணப் பொடி இடிக்கும் தொழிற்பாடல். அச்சப் பத்து மீண்டும் தனியொருவரின் கூற்று. கூட்டமும் தனிமையும் மாறிமாறி வருவது மணிவாசகரின் பனுவலிலேயே உள்ள பண்பு. குழுக்குரலும் தனிக்குரலும் மாறிவரும் ஒரட்டோரியோ வடிவம் அப்பண்பை வெளிக்கொணர ஏற்றது. எனவே மேலை வடிவம் இங்குப் புறத்தே போர்த்தியதாகாது. பனுவலின் உள்ளமைப்போடு பொருந்துவதாகும். திருப்பொற்சுண்ணத்தின் தேர்வும் இதனை வலியுறுத்துகிறது. உலக்கையின் தாளத்தைத் தன்னுள் கொண்ட பாடல், நாட்டார் இசையில் வளர்ந்த படைப்பாளரின் கையில் இசைக்குழுவைச் சேர்கிறது.

முடிவுப் பகுதி சிறப்பாக நோக்கத்தக்கது. திருவாசகம் அச்சோப் பதிகத்தின் வியப்பில் நிறைவுறுகிறது. இசைக்கோவை அச்சப் பத்தில் நிறைவுறுகிறது. பாம்பு முதலியவற்றிற்கு அஞ்சாத அடியார், இறைவன்பால் அன்பில்லாதவரைக் கண்டே அஞ்சுவதாக அப்பதிகம் கூறும். பேரின்ப நிலையில் அமையாமல், அன்பின்மை குறித்த எச்சரிக்கையில் முடிவதால், பயணம் மீண்டும் மனிதர் நடுவே வந்து நிற்கிறது.

நிறைவுரை

இசைக்கோவையின் பெயர் குறித்த விவாதம், அதன் பனுவல் வாசிப்பை மறைத்துவிட்டது. எச்சொல் மீண்டும் ஒலிக்கிறது, எச்சீர் பிரிகிறது, எங்குக் குழுக்குரல் புகுகிறது என்பவற்றைத் துல்லியமாக ஒப்பிட ஒலிப்பதிவு மட்டும் போதாது. எழுத்து வடிவிலான இசையேடும் வேண்டும். 1993இல் இலண்டனில் பதிவான இளையராஜாவின் சிம்பொனி வெளிவராமையால் அதனை ஆராய வழியில்லை. ஏட்டுச்சுவடிகளைத் தேடிப் பதிப்பித்த தமிழாய்வு மரபு, இசையேடுகளையும் பனுவல்களாக ஏற்றுப் பேணுதல் இன்றியமையாதது.