அடி விழுந்த வீட்டுக்கு எந்த நீதிமன்றம்?

காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி, மருதமுனை என்று எந்த ஊரை எடுத்தாலும் கிழக்கில் நமக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம் முடித்து வைப்போம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அந்த வீட்டுக்காகவே கட்டாரிலும் சவூதியிலும் வருடக்கணக்கில் உழைத்த வாப்பாமார் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். ஆனால் அடி விழும் இரவில், உறுதி தன் பெயரில் இருக்க, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வெளியேறுவது அந்தப் பெண்தான். அடித்தவர் உள்ளே நிம்மதியாகத் தூங்குவார்.

வகுப்பில் இது எங்களுக்கு வேறு விதமாகத் தெரியவரும். "கொப்பியெல்லாம் எங்கட ஊட்டதான் டீச்சர். நாங்க இப்ப சாச்சிர ஊட்ட இருக்கம்" என்று ஒரு பிள்ளை சொல்லும். அதற்கு மேல் கேட்டால் தலையைக் குனிந்துகொள்ளும். இருபது வருடத்துக்குக் கிட்டிய ஆசிரியத் தொழிலில் இந்தப் பதிலை நான் பல தடவை கேட்டிருக்கிறேன்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய ஆய்வின்படி, திருமணமான அல்லது துணையுடன் வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் வாழ்நாளில் ஒரு தடவையாவது துணையின் உடல் ரீதியான அல்லது பாலியல் ரீதியான வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்.

அடி வாங்கியவர் எங்கே போவார்? முதலில் உறவினர், பிறகு பள்ளிவாசல் நிர்வாகம், அதற்குப் பிறகு காதியார். இந்த இடத்தில்தான் நம்மில் பலருக்கு ஒரு மயக்கம் இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் காதியார் பஸஹ் விவாகரத்து வழங்கலாம், தாபரிப்புப் பணத்துக்குக் கட்டளையிடலாம். ஆனால் "நீ இந்த வீட்டுக்குள் வரக்கூடாது" என்று ஒரு கணவருக்கு உத்தரவிட அவருக்கு அதிகாரமில்லை. பஸஹ் வழக்கு இழுபடும் மாதங்களில் அந்தப் பெண்ணின் பாதுகாப்புக்கு யாரும் பொறுப்பில்லை. விவாகரத்து வேண்டாம், அடி மட்டும் நிற்க வேண்டும் என்று நினைக்கும் பெண்ணுக்கோ அங்கே கேட்பதற்கே ஒன்றுமில்லை. இப்படி நினைப்பவர்கள்தான் அதிகம் என்பது என் அனுபவம்.

அதற்கான சட்டம் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். "நமக்கு வேறு சட்டம்தானே" என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அது தவறு. விவாகத்துக்குத்தான் நமக்குத் தனிச் சட்டம். இந்தச் சட்டம் எல்லாப் பிரஜைகளுக்கும் பொதுவானது. அடி மட்டுமல்ல, மிரட்டுவது, பயமுறுத்திப் பணமோ நகையோ பறிப்பது, தொடர்ந்து இழிவுபடுத்தி மனதைச் சித்திரவதை செய்வது எல்லாம் இதற்குள் வரும்.

மட்டக்களப்பு, வாழைச்சேனை, கல்முனை என எந்த நீதவான் நீதிமன்றத்தின் எல்லைக்குள் இருக்கிறாரோ அங்கே அவர் விண்ணப்பிக்கலாம். சாச்சி வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருந்தால் அந்த ஊர் நீதிமன்றமும் போதும். அவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்க முடியும். அவசரமென்றால் நீதவான் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை வழங்கி, 14 நாட்களுக்குள் விசாரணைக்கு எடுப்பார். அதன் பின் வழங்கும் பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரை செல்லுபடியாகும். அதை மீறினால் 10,000 ரூபா வரை தண்டம், அல்லது ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும்.

வன்முறை செய்தவர் வீட்டுக்குள் நுழையக்கூடாது என்றும் அந்தக் கட்டளையில் சொல்லலாம். அப்படிச் சொல்லும் முன் அவருக்கு ஏற்படக்கூடிய சிரமத்தையும் நீதவான் கவனிக்க வேண்டும். நம் ஊர்களில் அது பெரிய கேள்வியே அல்ல. வீடு மனைவியுடையது, அவருடைய உம்மாவின் வீடு பெரும்பாலும் அடுத்த வட்டாரத்தில்தான் இருக்கும். நம் சீதன வீட்டு வழக்கத்தைப் பற்றி எனக்கு ஆயிரம் விமர்சனம் உண்டு. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அது பெண்ணின் பக்கம் நிற்கிறது. நாம்தான் அதைப் பயன்படுத்தவில்லை.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. இந்தச் சட்டம் கணவன் மனைவிக்கு மட்டுமல்ல. ஐஸுக்குக் காசு கேட்டு உம்மாவை அடிக்கும் மகன் மீதும் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெற்ற பிள்ளையைச் சிறைக்கு அனுப்ப எந்த உம்மாவுக்கும் மனம் வராது. ஆனால் பாதுகாப்புக் கட்டளை என்பது தண்டனையல்ல. அதை மீறும்போதுதான் சிறை என்ற பேச்சு வரும். உளவளத்துணைக்குப் போகும்படியும் நீதிமன்றம் கட்டளையிடலாம்.

"கோட்டுக்குப் போனால் குடும்பம் பிரியும்" என்பார்கள். இந்தக் கட்டளையால் நிக்காஹ் முறியாது. நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியரில் எவரையும் ஒருபோதும் அடித்ததில்லை என்ற ஆயிஷா (ரழி) அவர்களின் அறிவிப்பை குத்பாக்களில் கேட்டு வளர்ந்த சமூகம் நாம். அப்படியிருந்தும் அடித்தவரை விட்டுவிட்டு, அடி வாங்கியவரிடமே "பொறுமையாக இரு" என்று சொல்லி அனுப்புவது எந்த வகை இணக்கம் என்று எனக்கு விளங்கவில்லை.

பள்ளிவாசல் நிர்வாகிகளிடம் நான் கேட்பது அதிகமில்லை. காயத்தோடு ஒரு பெண் வந்தால் பேச்சுவார்த்தைக்கு நாள் குறிக்கும் முன் அவரை வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். எப்படிக் காயம் பட்டது என்று அங்கே உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள். கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாக எழுதிவிட்டால் பின்னர் எந்த நீதிமன்றத்திலும் கஷ்டம்தான். பெரிய அரச வைத்தியசாலைகளில் இதற்கென்றே 'நட்பு நிலையம்' என்ற பிரிவு இயங்குகிறது. பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938, சிறுவர்களுக்கு 1929. இந்த இரண்டாவது இலக்கத்தை என் வகுப்பறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். கொப்பி கொண்டு வராத பிள்ளைகள் சில நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.