பகிர்வு சர்வருக்கு ஏற்ற இயங்குதளம்

சென்னையின் செம்பரம்பாக்கம் ஏரிக்கு வடகிழக்கேயுள்ள அம்பத்தூர் இன்று தரவு மையங்கள் பெருகிவரும் பகுதி. இத்தகைய மையங்களில் ஒரே சர்வரைப் பல நிறுவனங்களின் இணையதளங்கள் பகிர்ந்துகொள்வது வழக்கமாதலால், அதன் இயங்குதளத்தில் செய்யப்படும் மாற்றம் கேட்டவரையும் கேளாதவரையும் ஒருசேரத் தொடும். இணையதளங்களை எழுதப் பயன்படும் பிஎச்பி நிரல்மொழியின் 2015 டிசம்பரில் வெளியான 7.0 பதிப்பு, தரவுத்தளத்தை அணுகப் பயன்பட்ட பழைய மைஎஸ்கியூஎல் நீட்சியை நீக்கிவிட்டதால், அதை நம்பி எழுதப்பட்ட தளங்கள் திருத்தி எழுதப்படாமல் அப்பதிப்பில் இயங்க இயலவில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் வந்த டெபியன் 8 இயங்குதளமோ பிஎச்பி 5.6 வரிசையை 2020 ஜூன் வரை பேணியதால், அதில் இயங்கிய தளங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் கிடைத்தது.

டெபியனில் புதிய மென்பொருள் முதலில் 'நிலையற்ற' பிரிவில் நுழைந்து, கடும் பிழைகள் தென்படாவிடில் சோதனைப் பிரிவுக்கு நகர்ந்து, ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை 'நிலையான' பதிப்பாகிறது. செம்பரம்பாக்கத்தில் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் கொள்திறனுள்ள சுத்திகரிப்பு நிலையத்தைக் கடந்தே ஏரிநீர் குழாய்க்குச் செல்வதை இது ஒக்கும். நிலையான பதிப்பு வெளியான பின் அதில் புதிய வசதிகள் பொதுவாகச் சேர்க்கப்படுவதில்லை. பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் திருத்தம் மட்டும் பழைய பதிப்பிலேயே பொருத்தப்படுகிறது. சென்னை சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட பாஸ் இயங்குதளமும் டெபியன் வழிவந்ததே. இதற்கு மாறாக, ஆர்ச் லினக்ஸ் போன்ற இயங்குதளங்கள், பதிப்பு என்ற கட்டமின்றி, புதியவற்றை உடனுக்குடன் ஏற்கும் தொடர் புதுப்பிப்பு வகையைச் சேர்ந்தவை.

எக்ஸ்இசட் என்னும் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளவழி புகுத்தப்பட்டிருந்தது 2024 மார்ச் 29 அன்று வெளிப்பட்டபோது, அவை டெபியனின் சோதனைப் பிரிவை எட்டியிருந்தும் நிலையான பதிப்பை எட்டவில்லை. எனினும் காத்திருப்பு முழுக் காப்பன்று: ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் டெபியன் 2006இல் செய்த மாற்றம் மறையாக்கச் சாவிகளை எளிதில் ஊகிக்கக்கூடியனவாக்கி, 2007இன் நிலையான பதிப்பிலும் நுழைந்து, 2008 மே மாதம்தான் கண்டறியப்பட்டது. ஆகவே நிலைத்தன்மை என்பது குறையின்மை அன்று; இயங்குதளத்தின் நடத்தை முன்னறிவிப்பின்றி மாறாது என்னும் உறுதியே.

அவ்வுறுதிக்கும் காலவரம்பு உண்டு. 2029 வரை ஆதரவு பெறும் என எதிர்பார்க்கப்பட்ட சென்ட்ஓஎஸ் லினக்ஸ் 8, 2020 டிசம்பரில் வந்த அறிவிப்பின்படி 2021 இறுதியிலேயே முடிவுக்கு வந்ததால், ஆதரவுக் காலத்தோடு அதை வழங்குவோரின் போக்கையும் ஆராய வேண்டியுள்ளது. பகிர்வு சர்வருக்கு நிலையான பதிப்பை அடித்தளமாக்கி, பாதுகாப்புத் திருத்தங்களைத் தாமதமின்றி நிறுவி, புதிய பதிப்பு தேவைப்படுவோருக்கு கன்டெய்னர் என்னும் தனித்த இயங்குசூழலை ஒதுக்குவதே பொருத்தமான ஏற்பாடு. ஆயினும் வன்பொருளை ஆளும் உட்கருவான கெர்னல் எல்லாக் கன்டெய்னர்களுக்கும் பொதுவானதாகையால், அதன் திருத்தத்துக்காக சர்வரை மறுதொடக்கம் செய்யும் நேரத்தை நிர்வாகி அனைவருக்கும் முன்கூட்டியே அறிவித்தாக வேண்டும்.