விக்கி வழிக் கூட்டாக்கம்

விக்கி வழிக் கூட்டாக்கம் என்பது, ஒருவரையொருவர் நேரில் அறியாத பலர் ஒரே வலைப்பக்கத்தை எழுதியும் திருத்தியும் ஓர் ஆக்கத்தை உருவாக்கும் முறை ஆகும். அமெரிக்க நிரலாளர் வார்டு கன்னிங்காம் 1995-இல் முதல் விக்கியை வெளியிட்டார். ஹவாய் மொழியில் "விக்கி" என்றால் விரைவு என்று பொருள். நிரலாளர்கள் தம்மிடையே குறிப்புகளைப் பகிர எழுந்த இக்கருவி, பின்னர் கலைக்களஞ்சியம், அகராதி, நூலகப் பட்டியல், மெய்ப்புப் பார்த்தல் எனப் பல பணிகளுக்கு வந்து சேர்ந்தது. தமிழ்க் குழுக்கள் இதனைப் பயன்படுத்திய விதங்கள் சில இங்கே விளக்கப்படுகின்றன.

இயங்கும் முறை

எவரும் திருத்தலாம் என்றால் எவரும் கெடுக்கலாமே என்ற ஐயம் இயல்பானது. விக்கியில் ஒரு தொகுப்பு முந்தைய வடிவத்தை அழிப்பதில்லை. யார், எப்போது, எந்தச் சொல்லை மாற்றினார் என்பது "வரலாறு" பகுதியில் பதிவாகிறது. ஒருவர் அரை மணி நேரம் செலவிட்டுச் செய்த சிதைவை மற்றொருவர் சில நொடிகளில் மீளமைக்கலாம். கெடுப்பதை விடச் சீர்செய்வது எளிது. விக்கியின் திறவுகோல் இதுவே எனலாம். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு பேச்சுப் பக்கம் உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவில் பொதுவான உரையாடல்கள் நடைபெறும் பக்கத்துக்கு "ஆலமரத்தடி" என்று பெயர். ஊர்ப் பஞ்சாயத்து கூடும் இடம் என்பதால், விளக்கம் தேவைப்படாத பெயர் இது.

எடுத்துக்காட்டு: வெள்ளிமலை

கல்வராயன் மலையில் உள்ள வெள்ளிமலையை எடுத்துக்கொள்வோம். 1993 வரை இவ்வூர் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. பின்னர் விழுப்புரம் மாவட்டத்துக்கு உரியதாயிற்று. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியபோது மீண்டும் முகவரி மாறியது. ஊர், வட்டம், ஊராட்சி ஒன்றியம் என ஒன்றையொன்று சார்ந்த பல பக்கங்களில் இம்மாற்றத்தைச் செய்ய வேண்டும். இதற்கு "வார்ப்புரு" உதவுகிறது. மாவட்டத்தின் வட்டங்களைப் பட்டியலிடும் வார்ப்புருவை ஓரிடத்தில் திருத்தினால், அது இடம்பெறும் எல்லாப் பக்கங்களிலும் மாற்றம் தோன்றும். கன்னியாகுமரி மாவட்டத்திலும் வெள்ளிமலை என்னும் பேரூராட்சி உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதிருக்கப் "பக்கவழி நெறிப்படுத்தல்" பக்கம் பயன்படுகிறது.

அச்சுக் காலத்தில் இது எளிதன்று. தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954-இல் வந்தது. இரண்டே ஆண்டுகளில் மாநில எல்லைகள் மாறின. பத்தாவது தொகுதியோ 1968-இல்தான் வந்தது. அப்பெரும்பணியின் அருமையை இது குறைக்காது. ஆயினும் அச்சேறிய பக்கத்தைத் திருத்த வழியில்லை.

மெய்ப்புப் பார்த்தல்

விக்கிமூலத்தின் முறை, கூட்டாக்கத்தின் மிக நுட்பமான வடிவங்களுள் ஒன்று. தமிழ்நாட்டரசு நாட்டுடைமையாக்கிய நூல்களின் மின்படிகள் ஏறத்தாழ 2000, தமிழ் இணையக் கல்விக்கழகத்திடமிருந்து 2015-க்குப் பின் தமிழ் விக்கிமூலத்துக்குக் கிடைத்தன. எழுத்துணரி மென்பொருள் கொண்டு அவை உரையாக்கப்பட்டன. எழுத்துணரிக்குக் கண் உண்டு, மொழியறிவு போதாது. "ர" எழுத்தும் துணைக்காலும் அதற்கு ஒன்றாகத் தோன்றும். 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் துதிக்கை போல் வளைந்த "லை", "னை" வடிவங்களைக் கண்டு தடுமாறும்.

எனவே மின்படியின் படமும் உரையும் அருகருகே காட்டப்படுகின்றன. மெய்ப்புப் பார்க்கப்படாத பக்கம் சிவப்பு நிறம் பெறும். ஒருவர் ஒப்பிட்டுத் திருத்தியதும் அது மஞ்சளாகும். வேறொரு பயனர் சரிபார்த்த பின்னரே பச்சையாகும். மஞ்சளாக்கியவரே பச்சையாக்க மென்பொருள் இடம் தருவதில்லை. தன் பிழை தன் கண்ணுக்குத் தெரியாது என்னும் மெய்ப்பாளர் அனுபவம் இங்கே நிரலாகியுள்ளது. பத்து மணித்துளி ஓய்வு உள்ள மாணவர் ஒரு பக்கத்தை மட்டும் முடித்துவிட்டுச் செல்லலாம். முழு நூலையும் ஏற்க வேண்டியதில்லை. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் நூல்களைத் தட்டச்சு செய்து அனுப்பினர். விக்கிமூலத்தில் அப்பணியின் அளவு ஒரு பக்கமாகச் சுருங்கிவிடுகிறது.

நூலகத் திட்டம்

1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. மீண்டும் அத்தகைய இழப்பு நேராதிருக்க வேண்டும் என்ற உணர்வு ஈழத்துத் தமிழர்களிடையே வலுப்பெற்றது. 2005-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகத் திட்டம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வருடி வெளியிடுகிறது. இதன் தளம் விக்கிப்பீடியா பயன்படுத்தும் மீடியாவிக்கி மென்பொருளிலேயே இயங்குகிறது. ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு பக்கம். அதில் ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு போன்ற விவரங்கள் இருக்கும். பல பக்கங்களில் உள்ளடக்கமும் தட்டச்சு செய்யப்பட்டுள்ளதால், பழைய இதழொன்றில் வந்த ஒரு தலைப்பைக்கூடத் தேடி அடையலாம். கலைக்களஞ்சியக் கருவி நூலகப் பட்டியல் அட்டையானது இவ்வாறுதான்.

சொல் வேறுபாடு

தமிழ்நாட்டில் "இயற்பியல்", இலங்கையில் "பௌதிகவியல்". அங்ஙனமே "வேதியியல்", "இரசாயனவியல்". எது முதன்மைத் தலைப்பு என்பது பேச்சுப் பக்கத்தில் முடிவாகும். மற்றது வழிமாற்றுப் பக்கமாகும். இரு நாட்டு மாணவரும் தாம் பள்ளியில் கற்ற சொல்லைக் கொண்டே தேடி ஒரே கட்டுரைக்கு வந்துசேரலாம்.

கூகுள் மொழிபெயர்ப்புத் திட்டம்

2009–2011 காலப்பகுதியில் கூகுள் நிறுவனம், ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் விக்கிப்பீடியாவில் சேர்த்தது. கட்டுரைகள் நீளமாக இருந்தன. ஆனால் வாக்கியங்கள் ஆங்கில அமைப்பில் இருந்தன, சிவப்பு இணைப்புகள் மலிந்தன. பேச்சுப் பக்கத்தில் கேட்ட கேள்விகளுக்கு விடை வரவில்லை என்பதே பெரிய குறை. எழுதியவர் திரும்பி வராத பக்கத்தை யார் திருத்துவது? வங்காள விக்கிப்பீடியர்கள் இத்திட்டத்தை ஏற்க மறுத்தனர். தமிழ் விக்கிப்பீடியர்கள் கூகுளுடன் பேசினர். எழுதியவற்றை முதலில் திருத்தவும், தலைப்புகளைக் கலந்து முடிவு செய்யவும் கோரினர். 2010-இல் போலந்தின் குதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் இத்திட்டம் பற்றிய தமிழ் விக்கிப்பீடியரின் மதிப்பீடு முன்வைக்கப்பட்டது.